கலோ மலைக் குடிலில் ஓர் இரவும், திரும்பி வர இரண்டு சீட்டும்

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் ஊர் சுற்றிப் பார்க்கிற ஆள் இல்லை. ஜிப், பொத்தான், நூல்கண்டு வாங்க எங்கே போகலாம், எந்த லாட்ஜில் மூட்டைப்பூச்சி இல்லை, எந்த லாரிக்காரர் சொன்ன நாளில் சரக்கை இறக்குவார் என்றுதான் எழுதுவேன். இந்த டிசம்பரில் போனது சரக்கு வாங்க இல்லை. என் தம்பி கதிரேசனைக் கூட்டி வரப் போனேன். போன ஜனவரியில் அவன் அந்த மலைக் குடிலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று கலோவில் டாக்டர் சொன்னார்.

யாங்கூன் பபேடானில் எங்கள் கடையை இருவரும் சேர்ந்துதான் நடத்தினோம். நான் கல்லாவில், அவன் வெளியில். லைங் தாயாவிலும் ஷ்வேப்யிதாவிலும் தையல் ஆலைகளின் கேட்டில் நிற்கும் காவலாளிகளுக்குக்கூட அவனைத் தெரியும். வருடத்தில் ஒரு வாரம், குளிர் காலத்தில், கலோ மலைக்குப் போய்விடுவான். "நீயும் வாண்ணே" என்பான். ஒருவர் போனால் ஒருவர் கடையில் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. அதில் எங்களுக்குள் சண்டை இருந்ததில்லை.

அவன் இறந்த வாரம் கலோவுக்குப் போகும் மலைப்பாதை மூடியிருந்தது. விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. கலோவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் குடில்காரரும் சேர்ந்து அங்கேயே எரித்தார்கள். பாதை திறந்தபின் காய்கறி லாரியில் அஸ்தி வந்தது. ஆற்றில் கரைத்தோம், சடங்கெல்லாம் முடித்தோம். முடிந்தது என்று நான் நினைத்தேன். தம்பியின் மனைவி லட்சுமி அப்படி நினைக்கவில்லை.

"அஸ்திதான் வந்துச்சு அத்தான். ஆள் வரல. யாரும் கூப்பிடலையே" என்றது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். வெளியூரில் ஒருவர் இறந்தால், இறந்த இடத்துக்கே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்குக் கூட்டி வருவது பர்மியர் வழக்கம். ஓடை வந்தால் ஓடை என்று சொல்ல வேண்டும். பாதை பிரிந்தால் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் கூப்பிட வேண்டும். விட்டால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம், எங்கள் வீட்டிலும் இது ஒட்டிக்கொண்டது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

ஆனால் லட்சுமி அன்றிலிருந்து கதவைப் பூட்ட விடவில்லை. எங்களுடையது மூன்றாவது மாடி. படிக்கட்டு ஓரம் மடக்கு கம்பிக் கதவு. அவர் ராத்திரியில் வந்தால் வெளியே நிற்பாரே என்று அதைத் திறந்தே போட்டது. யாங்கூனில் இப்போது திறந்த கதவோடு தூங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நான் பாயை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் படுக்க ஆரம்பித்தேன். அக்டோபரில் நான் கண் அசந்த நேரத்தில் ரைஸ் குக்கரும் இரண்டு ஜோடி செருப்பும் போயின.

"போனா போகட்டும். கதவு அப்படியே இருக்கட்டும்" என்றது லட்சுமி.

அடுத்த தடவை திருடன் ஆளையே குத்திவிட்டுப் போவான். மழை முழுக்க ஓய்ந்ததும் டிக்கெட் போட்டேன்.

அவுங் மிங்கலா பஸ் நிலையத்திலிருந்து காலை ஆறு மணி வண்டி. பகல் வண்டியில் போங்கள், இரவில் சோதனைச் சாவடிகளில் நேரம் போகிறது. ஏறக்குறைய 360 மைல், எனக்குப் பதின்மூன்று மணி நேரம் ஆனது. சீட் எண்பதாயிரம் கியாட். நான் போன வாரத்து விலை அது, நீங்கள் போகும்போது என்னவோ. கைக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஈரத்துண்டு தருவார்கள். அடையாள அட்டையின் நகல் நான்கு கொண்டு போனேன், மூன்று செலவானது.

கலோவில் இறங்கியதும் குளிர் காதைப் பிடித்தது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் படுத்து, காலையில் குடில்காரர் பகதூரைச் சந்தித்தேன். நேபாளிக்காரர், அறுபது வயது இருக்கும். மாவும் எண்ணெயும் வாங்க வாரம் இரண்டு தடவை கீழே வருகிறார். என் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிய நால்வரில் அவரும் ஒருவர். போனில் பேசியிருக்கிறோம், நேரில் பார்த்ததில்லை. நாங்கள் பர்மியத்தில் பேசியதை எங்கள் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்; மாமா என்கிற 'ஊலே'யும் அண்ணன் என்கிற 'ஆக்கோ'வும் மட்டும் அப்படியே.

என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கண் என் காலில் நின்றது. ஏற்றுமதியில் கழித்த பூட்ஸ், தோல் கெட்டி, மலிவாக வாங்கியது.

"ஊலே, இந்த ஷூ எங்கயாவது நடந்திருக்கா?"

"புதுசு."

"அது தெரியுது. அதுக்கும் இன்னிக்குத்தான் மலை காட்டப் போறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து அழுவீங்க."

அப்படியே நடந்தது. பதினான்கு கிலோமீட்டர். முதல் பாதி தேயிலையும் ஆரஞ்சுத் தோட்டமும், சுமாரான ஏற்றம். அதன் பிறகு பைன் காடு. ஊசி இலை உதிர்ந்து கிடக்கும் பாதை எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். மூன்று ஓடைகள், இரண்டில் மரப்பாலம், ஒன்றில் கல் மேல் கல்லாகத் தாண்ட வேண்டும். பகதூர் இருபது கிலோ மாவை முதுகில் வைத்துக்கொண்டு எனக்காக நின்று நின்று போனார். ஆறு மணி நேரம் ஆனது. கடைசி ஏற்றத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. இந்த ஏற்றத்துக்காகவா வருடா வருடம் லீவு கேட்டான் என்று கோபம்தான் வந்தது.

குடிலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் சொல்கிறேன். மலை முதுகில் மரப்பலகை வீடு, தகரக் கூரை. உள்ளே ஒரு நீளமான மேடை, அதில் எட்டுப் பேர் வரிசையாகப் படுக்கலாம். சமையலறையில் விறகடுப்பு. கழிப்பறை வெளியே, முப்பது அடி தள்ளி. குளிக்க நினைக்காதீர்கள். இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாட்டோடு தலைக்கு நாற்பதாயிரம். பகதூரின் மனைவி மாயாதான் சமையல். சப்பாத்தி, உருளைக்கிழங்கு, கடுகுக்கீரை, ஒரு தக்காளித் துவையல். நான் சாப்பிட்ட எந்த மலையோரக் கடையையும் விட மேல்.

"எந்த இடம்?" என்று மாயாவிடம் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, ஜன்னல் ஓரத்தைக் கண்ணால் காட்டினார். மண்டலேயிலிருந்து வந்த இரண்டு பள்ளி ஆசிரியைகள் அங்கே பையை வைத்திருந்தார்கள்.

"அதுக்கப்புறம் எத்தனையோ பேர் படுத்தாச்சு ஊலே. நாங்க சொல்றதில்ல. சொன்னா யாரும் படுக்க மாட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது? எட்டு இடம்தான் அவர்கள் வாழ்க்கை. அதில் ஒன்றை என் தம்பிக்காகக் காலியாக வைக்க முடியுமா? நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். பெயரை எழுதாததற்குக் காரணம் இதுதான்.

ஆசிரியைகளிடம் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்குங்க ஊலே, இங்க காத்து கத்தி மாதிரி வருது" என்று மூத்தவர் சந்தோஷமாகப் பையைத் தூக்கினார்.

சாப்பிடும்போது மாயா இரண்டாவது தட்டு சப்பாத்தியைக் கொண்டுவந்து வைத்தார். நான் வேண்டாம் என்றேன்.

"உங்க தம்பி மூணு தட்டு. நாங்க பாத்திரம் கழுவி முடிச்சாலும் அவர் எழுந்திருக்க மாட்டார். பேசிக்கிட்டே இருப்பார்."

உண்மைதான். எங்கே போனாலும் சாப்பாட்டு மேசையிலிருந்து கடைசியாக எழுகிறவன் அவன். சின்ன வயதிலிருந்தே. இரண்டு தடவை பஸ்ஸையே தவற விட்டிருக்கிறான்.

"என்ன பேசுவான்?"

மாயா கணவரைப் பார்த்தார். பகதூர் சிரித்தார். மாயா எழுந்து நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்து, மற்றதில் விரலை நீட்டி, மூக்கைச் சுளித்து, தமிழில், ஆமாம் தமிழில், சொன்னார்: "ஒரே வெல! ஒரே பேச்சு! எடுத்தா எடு, இல்லன்னா கௌம்பு!"

அது நான். சீன வியாபாரியிடம் ஜிப் பேரம் பேசும் நான். அவன் செய்து காட்டியதை அவர் செய்து காட்டினார். அந்த நேபாளிப் பெண்ணுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான்.

"கடைசி ராத்திரியும் இதைச் செஞ்சார். வயிறு வலிக்கச் சிரிச்சோம். அப்புறம், குளிருது, படுக்கிறேன்னு போனார்."

நானும் சிரித்தேன். பிறகு கை கழுவுகிற சாக்கில் வெளியே போனேன். திரும்பி வந்து அவன் இடத்தில் படுத்தேன். பலகை இடுக்கில் காகிதம் திணித்திருந்தார்கள், அப்படியும் குளிர் வந்தது. இரண்டு கம்பளிகள் உண்டு, மூன்றாவது கேட்டால் தருவார்கள், கேளுங்கள். பைன் மரங்களில் காற்று போகும் சத்தம், தூரத்தில் ஆலை ஓடுகிற மாதிரி இருந்தது. கடைசியாக அவன் காதில் விழுந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

விடிந்ததும் பையிலிருந்து அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தேன். லட்சுமி தேய்த்து மடித்துக் கொடுத்தது. மேடையில் விரித்தேன். ஆசிரியைகள் நான் எதற்கு வந்தேன் என்று அப்போதுதான் புரிந்துகொண்டார்கள். எழுந்து நின்றார்கள். வழியில் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன், எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"தம்பி, கிளம்பு. கடை திறக்கணும்" என்றேன்.

பகதூர் என் பக்கம் திரும்பினார். "அவ்வளவுதானா ஊலே?"

"தினமும் இப்படித்தான் கூப்பிடுவேன்."

"அப்ப சரி" என்று கதவை அகலத் திறந்து ஓரமாக ஒதுங்கி நின்றார்.

குடிலுக்கு இரண்டு பேர் கணக்கில் பணம் வைத்தேன். மாயா ஒரு பங்கைத் திருப்பிக் கையில் அழுத்தினார். ஒரே விலை, ஒரே பேச்சு என்றார்.

இறக்கம் நான்கரை மணி நேரம். முதல் ஓடையில், "தம்பி, ஓடை. கல்லு ஆடுது, பார்த்து" என்று சொன்னபோது வெட்கமாக இருந்தது. இரண்டாவதில் குறைந்தது. மூன்றாவதைத் தாண்டியபின், பாதை பிரிகிற இடத்தில் மட்டும் இல்லாமல் சும்மாவும் சொல்லிக்கொண்டு வந்தேன். நூல் விலை ஏறியதை, ஷ்வேப்யிதாவில் ஒரு ஆலை மூடியதை, பெரிய ஆர்டர் ஒன்று கைநழுவியதை. பகதூர் எங்களுக்கு இடம் விட்டு முன்னால் தூரமாக நடந்தார்.

பஸ் கம்பெனியின் கவுண்டரில் இரண்டு சீட்டுக் கேட்டேன். அந்தப் பெண் இரண்டாவது ஆளின் பெயர் கேட்டது. அட்டையில் இருக்கும் பர்மியப் பெயரைச் சொன்னேன், கதிரேசன் என்றும் சொல்லி வைத்தேன். எதற்கும் இருக்கட்டும். மறுநாள் காலை ஆறு மணி வண்டி. ஜன்னல் பக்கம் சட்டையை விரித்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். கண்டக்டரை இங்கே ஸ்பேர் என்போம். வெற்றிலை மெல்லும் நடுவயதுக்காரர். சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் ஈரத்துண்டும் தந்தார். சட்டைக்கு முன்னால் ஒரு பாட்டிலும் ஈரத்துண்டும் வைத்தார்.

பகல் ஒரு மணிக்கு 115 மைலில் சாப்பிட நிறுத்தினார்கள். யாங்கூனுக்கு 115 மைல் இருக்கும் இடம், பெயரே அதுதான். "தம்பி, இறங்கு, சாப்பிடலாம்" என்று முறையாகக் கூப்பிட்டேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். இரண்டு டீ சொன்னேன். சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் லைங் தாயா ஆலையிலிருந்து போன். ஐயாயிரம் ஜிப், கறுப்புக் கேட்டார்களாம், என் கடையில் இருந்தவர் கருநீலம் அனுப்பிவிட்டாராம். கத்திக்கொண்டே எழுந்தேன், கத்திக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன்.

முப்பது மைல் தாண்டி ஒரு சுங்கச் சாவடியில் வண்டி நின்றது. ஸ்பேர் மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தார். சட்டைக்கு முன்னால் ஒன்று வைக்கப் போனவர் கையை நிறுத்தினார்.

"ஆக்கோ, கூட வந்தவரை ஏறச் சொன்னீங்கல்ல?"

சொல்லவில்லை. இறங்கச் சொன்னேன், ஏறச் சொல்லவில்லை.

நான் நம்பாதவன் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். சட்டை என் பக்கத்தில்தான் இருந்தது. இன்னும் மூன்று மணி நேரத்தில் யாங்கூன். கூட்டி வந்துவிட்டேன் என்று லட்சுமியிடம் சொன்னால் யார் கண்டார்கள்? இவ்வளவும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். எல்லோரும் எழுந்து போன மேசையில், ஆறிய டீயோடு, அவன் இன்னும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரியே கண்ணுக்குத் தெரிந்தது.

"இறங்கிக்கிறேன்."

"இறங்கித்தான் ஆகணும்" என்றார் ஸ்பேர். எதிர்ச் சாரியில் வந்த அவர்கள் கம்பெனி வண்டிக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னார். அந்த வண்டியில் என்னிடம் காசு வாங்கவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பவும் 115 மைல். எங்கள் மேசையில் வேறு குடும்பம். புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை, இரண்டு கிண்ணம் மோஹிங்கா நூடுல்ஸ். நான் சட்டையும் கையுமாக நின்றதைப் பார்த்துப் புருஷன்காரர் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"எந்த நாற்காலி?"

காட்டினேன். அவர் மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலி. அந்தப் பெண் உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்து, ஆள் எழுந்து வர இடம் விட்டார்.

"தம்பி, பஸ் போயிடுச்சு" என்றேன். "எழுந்திரு. வேற பஸ் பார்க்கலாம்."

நாங்கள் வாசலைத் தாண்டும்வரை அவர்கள் உட்காரவில்லை.

அடுத்து வந்த யாங்கூன் வண்டியில் ஒரு சீட்டுதான் இருந்தது.

"ஒருத்தர்தானே ஊலே?" என்றார் ஸ்பேர்.

"ரெண்டு பேர்."

அவர் என் பின்னால் பார்த்தார். பிறகு கையில் இருந்த சட்டையைப் பார்த்தார். "மடியில வச்சுக்கலாமே?"

"ஐம்பது வயசுக்காரன். மடியில உட்காருவானா?"

சிரித்துவிட்டார். வண்டிக்குள் நடைபாதையில் போடும் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சீட்டில் சட்டை, முக்காலியில் நான். 115 மைலும் அப்படியே வந்தேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

வீட்டுக்கு வரும்போது ஏழரை. ஒவ்வொரு மாடியிலும் "தம்பி, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டு ஏறினேன். லட்சுமி திறந்த கம்பிக் கதவுக்குள்ளே நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தது.

"வழியில எங்கயும் விட்டுடலையே அத்தான்?"

"ஒரு இடத்துல விட்டுட்டேன். திரும்பப் போய்க் கூட்டிட்டு வந்தேன்."

"சாப்பாட்டுக் கடைலதானே?"

தலையாட்டினேன். "எனக்குத் தெரியும்" என்று சிரிக்க ஆரம்பித்தது. பதினோரு மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். சட்டையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, நான் உள்ளே வந்ததும், ஒரு கையால் கம்பிக் கதவை இழுத்து மூடியது. பூட்டு எங்கே இருக்கிறது என்றுகூட மறந்துபோய்த் தேடி எடுத்துவந்து பூட்டியது.

பூட்டு விழுந்த அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போனேன். கேட்டபோது அங்கே நிற்க முடியவில்லை. கதவு திறந்திருந்த வரைக்கும் அவன் வர வேண்டியவனாக இருந்தான். வாசல் பக்கம் படுத்திருந்த பதினோரு மாதமும், படிக்கட்டில் காலடி கேட்டால் திருடன் என்று மட்டும் நான் நினைத்ததில்லை. அதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம், மழையில் அந்தப் பாதை ஆகாது. புது ஷூ வேண்டாம், இரண்டு மாதம் நடந்து பழகியதைப் போடுங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் ஏறாதீர்கள். மேலே போன் எடுக்காது, கீழே தூக்கி வர நாலு பேர் வேண்டும். அடையாள அட்டை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பாதை நிலவரத்தைக் கிளம்பும் அன்று காலையிலும் ஒருமுறை கேளுங்கள். சாப்பிட இறங்கும்போது போனை அணைத்து வையுங்கள். திரும்ப ஏறுவதற்கு முன்னால், கூட வந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உயிரோடு இருப்பவராக இருந்தாலும்.